வாரம் ஒரு முறையாவது கிளம்பும் வண்டி

பழைய மோட்டார் சைக்கிள் தேடிக் கிளம்புகிறவர்கள் முதலில் ஒரு கேள்வியைப் போட்டுக்கொள்கிறார்கள்: சேர்த்து வைப்பதற்கா, ஓட்டுவதற்கா? கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ குடியிருந்தால் அந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் என்று கடலை ஒட்டிப் போகிற இந்தப் பகுதியில் அது செல்லாது. இங்கே ஓட்டாத வண்டியைச் சேர்த்து வைக்கவே முடியாது.

காரணம் காற்று. கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கு அப்பால் கடல். வீசுகிற காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்தே வரும். வீடு சிப்காட் பக்கம் என்றால் உருக்கு உலைகள், ரோலிங் மில்கள் பக்கமிருந்து வரும் கறுப்புத் தூசியும் படியும். தார்ப்பாய் போட்டு மூடிய வண்டியை ஒரு மழைக்காலம் கழித்துத் திறந்து பாருங்கள். ஸ்போக் நிப்பிள்களில் வெள்ளையாகப் பூத்திருக்கும். சைலன்சர் வளைவில் பழுப்புப் புள்ளிகள் கிளம்பியிருக்கும். கிளட்ச் கேபிள் உறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பிரேக் டிரம்முக்குள் துரு ஏறியிருக்கும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டி என்றால் கிராங்க் பேரிங்கையே துரு தின்ன ஆரம்பித்துவிடும், ஏனென்றால் அந்த பேரிங் எண்ணெயில் மூழ்கி இருப்பதில்லை, ஓடும்போது பெட்ரோலோடு வருகிற எண்ணெய்தான் அதற்கு எல்லாம். தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைப்பதால் மூடாத வண்டியைவிட மூடிய வண்டி முன்னதாகக் கெடுவதும் உண்டு.

ஆகவே இந்த அத்தியாயத்தில் மாடல்களை எடைபோடும் அளவுகோல் ஒன்றுதான். வாரம் ஒரு முறையாவது நீங்களே அதைக் கிளப்பி இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டுவீர்களா? பழுதானால் பக்கத்திலேயே சரிசெய்ய ஆள் உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்த வண்டி உங்கள் சேகரிப்பில் இருபது வருடம் நிற்கும். இல்லை என்றால், எவ்வளவு அபூர்வமான மாடலாக இருந்தாலும், காயலான் கடைக்குப் போகவிருக்கிற இரும்பை அதிக விலை கொடுத்து வாங்குகிறீர்கள். சுற்றுவட்டாரத்தின் பழைய இரும்பெல்லாம் வந்து உருகுகிற ஊர் கும்மிடிப்பூண்டி. எத்தனையோ நல்ல வண்டிகள் அப்படி உலைக்குள் போயிருக்கின்றன என்ற வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பழையது எது, விண்டேஜ் எது

சட்டத்தின் கணக்கு வேறு, நம் ஆசையின் கணக்கு வேறு. 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டுவந்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைத் தாண்டிய, உருவத்தில் பெரிய மாறுதல் செய்யாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள்தான் விண்டேஜ். அந்த வகையில் பதிவு செய்தால் எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும். வாங்குகிறவர்கள் கவனிக்கத் தவறுகிற வரி ஒன்று அந்த விதியில் இருக்கிறது. விண்டேஜ் பதிவுள்ள வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் இறக்கலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பூண்டி ஏரி வரை போய்வர நினைக்கிறவருக்கு இந்தப் பதிவு உதவாது. வழக்கமான பதிவை விடாமல் புதுப்பித்து வைத்துக்கொள்வதே நல்லது. சொந்த வண்டிக்கு முதல் 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து 20 ஆண்டைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். பசுமை வரி தனி. டெல்லியில் 15 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு இருக்கிற கெடுபிடி தமிழ்நாட்டில் இல்லை. அதனாலேயே அங்கிருந்து மலிவாக வண்டிகள் தெற்கே வருகின்றன. அந்த ஊர் ஆர்.டி.ஓ. கொடுத்த என்.ஓ.சி. கையில் இல்லாமல் அப்படி ஒரு வண்டிக்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

இந்த 50 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எல்லோரும் துரத்துகிற ஆர்.எக்ஸ். 100-ல் முதலில் வந்தவையே 2035-ல்தான் விண்டேஜ் ஆகும். ராஜ்தூத் 350 அதற்கு இரண்டு வருடம் முன்னால். 'விண்டேஜ் வண்டி சார்' என்று சொல்லி விலையை ஏற்றுகிறவரிடம் முதலில் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தேதியைக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த மண்ணின் வண்டி

முதல் பழைய வண்டி எது வாங்கலாம் என்று கேட்டால் என் பதில் தயக்கமில்லாதது: வார்ப்பிரும்பு என்ஜின் உள்ள புல்லட் 350. ஊர்ப்பாசத்தால் மட்டும் சொல்லவில்லை, ஆனால் ஊர்ப்பாசமும் உண்டு. 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்குப் புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததுதான் அதற்கு வித்து. தொழிற்சாலை அமைந்தது திருவொற்றியூரில். 2018-ல் சென்னையோடு சேர்க்கப்படும் வரை திருவொற்றியூர் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், 1960-களின் தொடக்கத்துக்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயாராயின. ரெட்டிச் நகரத்துத் தாய்த் தொழிற்சாலை மூடிய பிறகும் திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை.

இதனால் உங்களுக்கு என்ன லாபம்? 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. என்ற அந்த என்ஜினின் அடிப்படை அமைப்பு 1950-களிலிருந்து 2000-களின் இறுதி வரை பெரிதாக மாறவில்லை. அறுபதுகளின் வண்டிக்குத் தொண்ணூறுகளின் பாகம் பல இடங்களில் அப்படியே உட்காரும், உட்காராத இடத்தில் லேத்துக்காரர் ஒரு புஷ் போட்டு உட்கார வைப்பார். புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்காத புல்லட் சாமான் குறைவு. அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடி, கும்மிடிப்பூண்டி பக்கங்களிலும் உள்ள சிறு பட்டறைகளில் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பார்த்து வேலை செய்கிற கைகள் இருக்கின்றன. போர் அடிப்பது, வால்வு சீட் வெட்டுவது, கிராங்க் பின் மாற்றி நேர் பார்ப்பது எல்லாம் அரை நாள் பயண தூரத்துக்குள் முடியும். பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய சொத்து இல்லை.

புல்லட்டிலும் எதை எடுப்பது என்ற கேள்வி வரும். அறுபதுகளின் வண்டிகளைச் சேகரிப்பாளர்கள் ஜி2 என்று குறிப்பிட்டுத் தேடுகிறார்கள். பழைய லூகாஸ் வகை மின்சாமான்களும் அசல் மட்கார்டுகளும் முழுதாக இருந்தால் மட்டும் அந்த விலை கொடுக்கலாம். ஆறு வோல்ட் வெளிச்சத்தில் இரவு ஓட்டுவது நடக்காத காரியம் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஓட்டவும் வைத்துக்கொள்ளவும் ஒரே வண்டி போதும் என்பவருக்கு எண்பதுகளின், தொண்ணூறுகளின் 12 வோல்ட் ஸ்டாண்டர்டு 350 தான் சரி. விலை அடக்கம், வெளிச்சம் பரவாயில்லை, பார்வைக்கு அதே பழைய புல்லட்.

ஓட்டிப் பழகாதவர்கள் இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இன்றைய வண்டி ஓட்டிப் பழகிய கால், நெருக்கடியில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிக்கும். வாங்கிய வாரத்தில் ஆளில்லாத தெருவில் பழகுங்கள், ஜி.என்.டி. சாலையில் வேண்டாம்.

இரண்டாவது, கிக் அடிப்பது. புல்லட்டைக் கிளப்ப உடம்பு வலு தேவையில்லை, வரிசை தெரிந்தால் போதும். சாவியைப் போடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்லைட் கூட்டின் மேல் உள்ள அம்மீட்டர் முள்ளைப் பாருங்கள். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் முள் இடது பக்கம் சாய்ந்து திரும்ப நடுவுக்கு வரும், கால் ஓரிடத்தில் முட்டி நிற்கும். அங்கே பிஸ்டன் அழுத்த ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்கிறது. இடது கையில் உள்ள டீகம்ப்ரசர் பிடியை இழுத்தபடி கிக்கரை இன்னும் ஓர் அங்குலம் மட்டும் தள்ளி, பிடியை விட்டுவிடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், ஒரே சீராக முழுத் தூரமும் மிதியுங்கள். நல்ல வண்டி முதல் இரண்டு மிதியில் எடுக்கும். இந்த வரிசையைத் தவிர்த்து வெறுமனே ஓங்கி மிதித்தவர்களைத்தான் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கிறது. விற்பவர் உங்கள் முன்னால் ஆறேழு தடவை மிதித்தும் எடுக்கவில்லை என்றால், 'ரொம்ப நாளா நிக்குது தம்பி' என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். பாயின்ட் இடைவெளியோ டைமிங்கோ கார்புரேட்டரோ கெட்டிருக்கிறது, எது என்று பார்த்த பிறகு விலை பேசலாம்.

என்ஜின் ஆறிய நிலையில் டேப்பட் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்வதும் தவறில்லை. அதே அழுத்த உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, புஷ் ராடு இரண்டையும் விரலால் உருட்டிப் பாருங்கள். தடையில்லாமல் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இரண்டு நிமிட வேலை. மூடியைத் திறக்க மறுக்கிற விற்பனைக்காரரிடம் பேச வேறு எதுவும் இல்லை.

என்ஃபீல்டு இந்தியாவின் மற்ற வண்டிகளும் இந்தப் பக்கத்து வீடுகளில் அவ்வப்போது வெளிப்படும். வில்லியர்ஸ் என்ஜின் போட்ட ஷெர்பா, பிறகு வந்த குரூசேடர், 200 சி.சி. மினி புல்லட், சுண்டாப் தொழில்நுட்பத்தில் வந்து முன்சக்கர டிஸ்க் பிரேக்கோடு அந்தக் காலத்தில் அசத்திய ஃபியூரி. எல்லாமே அழகான வண்டிகள், ஆனால் சாமான் கிடைக்காது. முழுதாக இருந்தால் எடுங்கள், ஒரு சைடு கவர் குறைந்தால்கூட யோசியுங்கள். 1993-லிருந்து சில ஆண்டுகள் வந்த டீசல் புல்லட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரான டீசல் மோட்டார் சைக்கிள் உலகிலேயே அபூர்வம், எனவே சேகரிப்புக்கு அதன் மதிப்பு உயரவே செய்யும். 325 சி.சி.யில் ஆறரை குதிரைத்திறன், மணிக்கு 65 கிலோமீட்டர்தான் உச்சம். கிராமத்துச் சாலைக்கு அது போதும், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போதாது.

மைசூரிலிருந்து வந்தவை

புல்லட்டுக்கு அடுத்தபடி நான் சொல்வது ஜாவா, யெஸ்டி. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் செக் நாட்டு ஜாவா 250-ஐத் தயாரிக்கத் தொடங்கியது. 1970-களின் நடுவிலிருந்து யெஸ்டி என்ற பெயர். 1978-ல் ரோட்கிங் வந்தது, 1996-ல் தொழிற்சாலையே மூடிவிட்டது. ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர், வால்வும் டேப்பட்டும் இல்லாத இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின். பட்டறைக்காரர் பிரித்து மாட்ட எளிது.

முதல் முறை பார்க்கிறவர்கள் கிக்கர் எங்கே என்று தேடுவார்கள். இடது பக்கத்துக் கியர் லீவர்தான் கிக்கர். அதை உள்நோக்கி அழுத்தி மேலே திருப்பி நிமிர்த்தினால் கிக்கராகிவிடும், வண்டி எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்து கியர் லீவராக மாறும். அந்த லீவர் தண்டின் பற்கள் தேய்ந்திருந்தால் மிதிக்கும்போது நழுவும். வாங்கும் முன் பலமுறை நிமிர்த்தி மிதித்துப் பாருங்கள்.

யெஸ்டியின் உண்மையான சோதனை கிராங்க்கின் இரண்டு பக்கத்து ஆயில் சீல்கள். பல ஆண்டு நின்ற வண்டியில் இந்த ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். சீல் போனால் பெட்ரோல் கலவையில் காற்று கூடி, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் என்ஜின் தானாகவே வேகம் பிடிக்கும். பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் பிடித்துக்கொள்வது அடுத்த கட்டம். அதனால் வண்டியைக் கிளப்பி நன்றாகச் சூடாகும் வரை ஓட்டி, நிறுத்தி, ஐடிலில் விட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். சீராகத் தாழ்ந்து நின்றால் நல்லது. ஏறி ஏறி இறங்கினால் என்ஜின் பிரிக்கிற செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

சேகரிப்பு என்று பார்த்தால் குரோம் டேங்க் வைத்த அறுபதுகளின் ஜாவாவுக்கு ஈடில்லை. ஆனால் நம் பகுதிக் காற்றுக்கு முதல் பலி குரோம்தான். மறுபடி குரோம் பூசியதில் ஓரங்கள் மழுங்கிப்போய், பாலிஷ் பிடித்த வேகத்தில் தகடும் மெலிந்திருக்கும். கொஞ்சம் கொப்புளம் இருந்தாலும் அசல் குரோமே மேல். கிழக்குப் பக்கம் குடியிருப்பவருக்கு பெயின்ட் டேங்க் உள்ள யெஸ்டி ரோட்கிங் எடுப்பது புத்திசாலித்தனம், திருவள்ளூர், திருத்தணி பக்கத்தவர்கள் குரோம் ஜாவாவைப் பற்றி யோசிக்கலாம்.

எல்லோரும் கேட்கிற இரண்டு வண்டிகள்

ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்.டி. 350-ஐ எஸ்கார்ட்ஸ் இங்கே 1983 முதல் தயாரித்தது. 347 சி.சி., இரட்டை சிலிண்டர், ஆறு கியர். முதலில் வந்த ஹை டார்க் ரகம் ஏறத்தாழ 30 குதிரைத்திறன், பின்னர் வந்த லோ டார்க் 27. வெளிநாட்டு மாடலில் முன்னால் டிஸ்க் பிரேக் இருந்தது, இங்கே டிரம் போட்டார்கள். அதாவது வண்டியின் வேகத்துக்கு ஏற்ற பிரேக் அதில் இல்லை. இன்று நல்ல ஹை டார்க் ஒன்றின் விலை புதுப் புல்லட்டின் விலையைத் தாண்டுகிறது, ஒரு சிலிண்டரின் பிஸ்டன் செட் மாற்றக்கூட வெளிநாட்டுச் சாமானைத் தேட வேண்டியிருக்கும். இதை முதல் வண்டியாக வாங்காதீர்கள். வேறொரு பழைய வண்டியை இரண்டு மழைக்காலம் காப்பாற்றிக் காட்டிய பிறகு வாங்குங்கள்.

ஆர்.எக்ஸ். 100. 1985 முதல் 1996 வரை வந்த 98 சி.சி. வண்டி, 11 குதிரைத்திறன், நூறு கிலோவைக் கொஞ்சம் தாண்டிய எடை. ஓட்டிப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சாமான் கிடைக்கும், மெக்கானிக் எல்லா ஊரிலும் உண்டு. சிக்கல் வேறு இடத்தில். கேட்பவர் அதிகம் என்பதால் திருட்டு வண்டியும், ஒன்றின் சேசிஸில் இன்னொன்றின் என்ஜின் போட்டதும், எண்ணைத் தேய்த்துக் குத்தியதும் இந்த மாடலில் ஏராளம். எண் குத்திய இடத்தில் மணல் தாள் போட்ட கோடுகள் தெரிந்தாலோ, எழுத்துகள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டாலோ விலகிவிடுங்கள். சைலன்சரை வெட்டிச் சத்தம் ஏற்றிய வண்டியையும் தவிருங்கள். அந்த என்ஜினின் சக்தியே சைலன்சருக்குள் திரும்பி வருகிற அழுத்த அலையை நம்பி அமைந்தது, வெட்டியவுடன் இழுவை போய்விடும்.

கையில் பணம் குறைவு, ஆனால் பழைய வண்டி ஓட்டும் சுகம் வேண்டும் என்பவர்கள் 1980-களின் ஹீரோ ஹோண்டா சி.டி. 100-ஐயும் ஓசூரில் தயாரான இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ். 100-ஐயும் பாருங்கள். இன்றைக்கு இவற்றை யாரும் துரத்துவதில்லை. நல்ல நிலையில் ஒற்றை உரிமையாளரிடம் இருக்கிற வண்டிகள் இன்னும் கிடைக்கின்றன. சி.டி. 100 காலையில் ஒரு மிதிக்குக் கிளம்பும், வாரம் ஒரு முறை என்ற நம் அளவுகோலில் அதற்கு மிஞ்சியது இல்லை.

எங்கே ஓட்டுவீர்கள்

மாடலைத் தீர்மானிப்பதில் சாலைக்கும் பங்கு உண்டு. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. டிரம் பிரேக்கும் மங்கலான பின்விளக்கும் உள்ள வண்டி அந்த வேகத்தில் நிற்க முடியாது. புல்லட் 350 மணிக்கு அறுபது, அறுபத்தைந்தில் நாள் முழுக்க ஓடும், எண்பதில் துன்பப்படும்.

பழைய வண்டிக்கான சாலைகள் உள்ளே இருக்கின்றன. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு, கும்மிடிப்பூண்டியிலிருந்து மாதர்பாக்கம் வழியாக ஆந்திர எல்லைக்கு அப்பால் சத்தியவேடு, பெரியபாளையத்திலிருந்து ஊத்துக்கோட்டை, அங்கிருந்து நாகலாபுரம் மலை அடிவாரம், திருவள்ளூரிலிருந்து 1944-ல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம். காலை ஏழு மணிக்குள் கிளம்பினால் இந்தச் சாலைகளில் ரோட்கிங்கும் புல்லட்டும் தங்கள் போக்கில் ஓடும். பழவேற்காடு போய்வந்த நாளில் மட்டும் மறக்காமல் நல்ல தண்ணீரில் ஸ்போக்குகளையும் மட்கார்டின் அடிப்பக்கத்தையும் கழுவித் துடையுங்கள்.

பெட்ரோல் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்பவைக்கும், கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைத்து என்ஜினைச் சூடாக்கும். வாங்கியவுடன் பெட்ரோல் குழாய், காக் வாஷர், கார்புரேட்டர் ரப்பர்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்க மெக்கானிக்கிடம் கேளுங்கள், முக்கியமாக இரண்டு ஸ்ட்ரோக்குக்கு. அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் நிரப்புங்கள். வீடு வரும்போது கடைசி அரைக் கிலோமீட்டரில் காக்கை மூடிவிட்டால் கார்புரேட்டர் கிண்ணம் காலியாகி நிற்கும். ஒரு மாதத்துக்கு மேல் ஊரில் இருக்க மாட்டீர்கள் என்றால் டேங்கை வடித்துவிடுவதே உத்தமம்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது

ஒரு டார்ச், ஒரு சிறிய காந்தம், ஒரு வெள்ளைத் துணி எடுத்துப் போங்கள். டார்ச் டேங்குக்குள் அடிக்க. காந்தம் டேங்கிலும் மட்கார்டிலும் வைத்துப் பார்க்க: பிடிக்காத இடத்தில் பட்டி நிரப்பியிருக்கிறார்கள். வெள்ளைத் துணி ஆயில் குச்சியைத் துடைக்க. எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் என்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும் நம் மாவட்டத்திலும் எத்தனையோ வண்டிகள் டேங்க் வரை மூழ்கின. அவற்றில் பல கழுவி, பெயின்ட் அடித்து விற்பனைக்கு வந்துவிட்டன. ஹெட்லைட் கூட்டைத் திறந்து வயர் முடிச்சுகளைப் பாருங்கள். அங்கே காய்ந்த சேற்றுப் பொடி இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு காகிதம். 1989-க்கு முந்திய வண்டியில் டி.என். என்று தொடங்கி மாவட்ட எண்ணும் சேர்ந்த இன்றைய முறை இருக்காது, மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும்தான். அந்தப் பழைய எண்ணோடு வருகிற வண்டிக்கே சேகரிப்பாளரிடம் மதிப்பு. ஆனால் இத்தகைய பழைய பதிவுகள் பல, போக்குவரத்துத் துறையின் கணினியில் ஏறாமல் கிடக்கின்றன. பரிவாஹன் செயலியில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் முதலில் பதிவு செய்த அலுவலகத்தில் பழைய பேரேட்டைத் தேடி ஏற்றச் சொல்ல வேண்டும், அந்த அலைச்சல் விற்பவருடையது என்று பேசி முடித்த பிறகே விலைக்குப் போங்கள். ஆர்.சி. புத்தகத்தில் ஏதாவது ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் ஹைப்பாதிகேஷன் என்று இருந்தால், கடன் எப்போதோ அடைந்திருந்தாலும், அந்தக் கம்பெனியின் 35-ஆம் படிவம் இல்லாமல் பெயர் மாறாது. கம்பெனியே இன்று இல்லை என்றால் பெரும் சிக்கல்.

உரிமையாளர் இறந்துபோய், பிள்ளைகள் விற்கிற வண்டிகள்தான் பெரும்பாலும் நல்ல வண்டிகள். அப்பா ஆசையாக வைத்திருந்தது, ஒரு கைப்பட்டது. அப்படி என்றால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, 31-ஆம் படிவத்தில் முதலில் ஒரு வாரிசின் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அதன் பிறகு 29, 30-ஆம் படிவங்களில் உங்கள் பெயருக்கு. திருவள்ளூர் ஆனாலும் செங்குன்றம் ஆனாலும் ஆய்வாளர் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தாளில் தேய்த்துப் பிரதி எடுப்பார். அதையே நீங்கள் வண்டி பார்க்கப் போன அன்றே எடுத்து ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எண்கள் பொருந்தி, பெயர் மாற்றம் முடிந்து, மூன்றாம் நபர் காப்பீடும் எடுத்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுத்து வண்டியை ஓட்டி வாருங்கள்.